பைபோலார் அம்மா வழியாதான் வருமா? மைட்டோகாண்ட்ரியா பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

உட்லண்ட்ஸ்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு பைபோலார் டைப் 1-ன்னு, அதாவது மனநிலை ஒரேயடியா ஏறி அப்புறம் ஒரேயடியா இறங்குற வியாதின்னு, டாக்டர் சொல்லி சில வருஷம் ஆச்சு, லித்தியம் மாத்திரை சாப்பிடுறாங்க, இப்ப நல்லா இருக்காங்க, வேலைக்கும் போறாங்க. பிரச்சனை அது இல்ல. சித்தப்பா வீட்டு விசேஷத்துல அத்தை ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட காட்டி, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வருமாம், அது கெட்டாதான் பைபோலாராம், விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிட்டாங்களாம், அதனால இது எங்க வழியில வந்தது இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அம்மா ஒரு வார்த்தை பேசல. ராத்திரி என்கிட்ட வந்து "நாந்தான் குடுத்தேனாடா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. தங்கச்சிக்கு வேற நிச்சயம் ஆகியிருக்கு, மாப்பிள்ளை வீட்டுல யாராவது இத கிளப்புனா என்ன சொல்றது? இதுல எது உண்மை, தங்கச்சி ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க, நான் இங்க சிங்கப்பூர்ல என்எஸ் (தேசிய சேவை) முடிச்சு இப்பதான் பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கேன், பயாலஜி ஓ லெவலோட சரி.

லேப்வாசி:
தம்பி, முதல்ல அம்மாகிட்ட "இல்லம்மா"ன்னு சொல்லிடுங்க. காரணத்த கீழ எழுதுறேன், கொஞ்சம் நீளம். நான் செல் பயாலஜி லேப்ல வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல.

மைட்டோகாண்ட்ரியான்னா செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற குட்டி உறுப்பு. அதுக்குன்னு தனியா ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கறது உண்மை, அது அம்மாகிட்ட இருந்துதான் வருதுங்கறதும் உண்மை. ஆனா அந்த டிஎன்ஏ எவ்வளவு பெருசுன்னு பாருங்க. மொத்தம் 16,569 எழுத்து, 37 ஜீன், அதுல புரதம் செய்யுறது வெறும் 13. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள வேலை செய்யுற புரதமோ 1,100-க்கு மேல இருக்கு. மிச்சம் அத்தனைக்கும் ஜீன் எங்க இருக்குன்னா நியூக்ளியஸ்ல, நம்ம சாதாரண குரோமோசோம்ல, அதாவது பாதி அப்பா பாதி அம்மா. மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏவ காப்பி எடுக்கற என்சைமுக்கான போல்ஜி ஜீன் கூட 15-ஆவது குரோமோசோம்ல உக்காந்திருக்கு. அது பழுதானா மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே அங்கங்க அறுந்து போகும், அந்தப் பழுது அப்பாகிட்ட இருந்தும் வரலாம். அதனால மைட்டோகாண்ட்ரியாவுல கோளாறுன்னாலே அது அம்மா வழின்னு சொல்றது அடிப்படையிலயே தப்பு.

ரெண்டாவது, பைபோலார் ஒரே ஜீனால வர்ற வியாதி இல்ல. பரம்பரையோட பங்கு பெருசுதான், ரெட்டைப் பிள்ளைங்க ஆய்வுகள்ல 60-லிருந்து 85 சதவீதம்னு வருது. ஆனா அது நூத்துக்கணக்கான ஜீன்ல சிதறி கிடக்குது, ஒவ்வொண்ணும் ரிஸ்க்க துளித்துளியாதான் கூட்டும்.

பெடோக்_கேள்வி:
அப்ப அந்த ஃபார்வர்ட் சுத்தப் பொய்யா? நானும் எங்கயோ படிச்ச ஞாபகம் இருக்கு, ஜப்பான்ல ஒருத்தர் ரொம்ப நாளா இதத்தான் சொல்லிட்டு இருக்கார்னு.

லேப்வாசி:
சுத்தப் பொய் இல்ல, அதனாலதான் இது மாதிரி மெசேஜ் வேகமா பரவுது. அவர் பேரு தடஃபூமி கட்டோ, ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்துல ரொம்ப வருஷம் இருந்தவர். பைபோலார் இருக்கவங்க மூளைய எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி (ரசாயன அளவுகள காட்டுற ஒரு வகை ஸ்கேன்) எடுத்துப் பாத்தப்ப சக்தி சேமிப்புல சம்பந்தப்பட்ட ஃபாஸ்ஃபோகிரியட்டின் சிலருக்கு கம்மியா இருந்தது, செல்லுக்குள்ள பிஎச்சும் (அமிலத்தன்மை அளவு) மாறியிருந்தது. இதெல்லாம் சேத்து 2000-ல மைட்டோகாண்ட்ரியா கோளாறுதான் பைபோலாருக்கு ஒரு அடிப்படையோன்னு கேட்டார். அதுக்கு முன்னாடியே 1995-ல அமெரிக்காவுல மெக்மஹோன் குழு, பைபோலார் குடும்பங்கள்ல அம்மா வழி சொந்தத்துல பாதிப்பு அதிகமா தெரியுதேன்னு எழுதியிருந்தாங்க. உங்க அத்தைக்கு வந்த மெசேஜோட பூர்வீகம் அனேகமா இதுதான்.

ஆனா அதோட அடுத்த பகுதி ஃபார்வர்ட்ல வராது. அதே மெக்மஹோன் குழு அம்மா வழியா வர்ற குடும்பங்களா பாத்து, நோயாளிகளோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவ படிச்சுப் பாத்தாங்க, இதுதான் காரணம்னு கைகாட்டுற மாதிரி ஒண்ணும் சிக்கல. குடும்ப வரலாறு சேகரிக்கறதுலயும் ஒரு சாய்வு இருக்கு. அம்மா பக்கத்து சித்தி மாமா பத்தி கேட்டா எல்லாருக்கும் தெரியும், அப்பா பக்கத்துல ஒரு பெரியப்பா வீட்ட விட்டுப் போனாரு, குடிச்சே செத்தாருன்னா அது வியாதின்னு யாரும் எழுத மாட்டாங்க.

பெடோக்_கேள்வி:
சரி, நான் கொஞ்சம் எதிர்த்து கேக்குறேன், தப்பா எடுக்காதீங்க. 2025-ல நேச்சர்ல வந்த பெரிய ஜீனோம் ஆய்வுல பைபோலார் இருக்கவங்க 158,036 பேர், ரிஸ்க்கோட தொடர்புள்ள இடம் 298 கண்டுபிடிச்சாங்க. அதுல முன்னாடி நிக்கறதெல்லாம் நரம்பு செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற சினாப்ஸ் சம்பந்தப்பட்டது, செல்லுக்குள்ள கால்சியத்த விடுற வாசலான கால்சியம் சேனல் சம்பந்தப்பட்டது. மைட்டோகாண்ட்ரியா எங்க இருக்கு? பழைய தியரிய விட மனசில்லாம பிடிச்சுக்கிட்டு இருக்காங்களோன்னு தோணுது.

லேப்வாசி:
நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கிறேன். இந்த மாதிரி ஆய்வுல பெரும்பாலும் நியூக்ளியஸ் டிஎன்ஏவதான் பாக்குறாங்க, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவ தனியா ஒதுக்கி வச்சிடுவாங்க, அதனால அதுல தெரியலங்கறத வச்சு இல்லவே இல்லன்னு முடிவு பண்ண முடியாது. அப்புறம் கால்சியம்னு சொன்னீங்கல்ல, சேனல் வழியா உள்ள வந்த கால்சியத்த வாங்கி வச்சுக்கறதுல மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பங்கு இருக்கு. மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான், ஆனா ஓய்வா இருக்கும்போதே உடம்போட சக்தியில 20 சதவீதத்த அதுதான் எடுத்துக்குது, சினாப்ஸ்தான் அதுல பெரிய செலவாளி. ரெண்டையும் தனித்தனி கட்சியா பாக்க வேண்டியதில்ல.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு 2015-ல அமெரிக்காவுல சால்க் ஆராய்ச்சி நிறுவனத்துல ஃப்ரெட் கேஜ் குழு செஞ்சது. பைபோலார் இருக்கவங்க தோல் செல்ல எடுத்து, அத எந்த செல்லாவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லா மாத்தி, அதுல இருந்து நரம்பு செல் வளர்த்தாங்க. அந்த செல்லுங்க அளவுக்கு மீறி துடிச்சுது, மைட்டோகாண்ட்ரியாவும் வழக்கமா இருக்கற மாதிரி இல்ல. தட்டுல லித்தியம் விட்டதும், யாருக்கெல்லாம் நிஜ வாழ்க்கையில லித்தியம் கேட்டுச்சோ அவங்க செல்லு மட்டும் அடங்குச்சு, கேக்காதவங்க செல்லு அப்படியே துடிச்சுது. ஆறே பேரோட செல்தான், சின்ன எண்ணிக்கை. ஆனாலும் அத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, ஏன்னா லித்தியம் யாருக்கு கேக்கும் யாருக்கு கேக்காதுன்னு மாசக்கணக்கா சாப்பிட்டுப் பாத்துதான் இன்னிக்கும் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.

செத்தவங்க மூளைய வச்சு செய்யுற ஆய்வுல மட்டும் கவனமா இருக்கணும். 2004-ல கான்ராடி குழு மூளையில ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதியில மைட்டோகாண்ட்ரியா ஜீனுங்க அடங்கியிருக்குன்னு காட்டினாங்க, நல்ல ஆய்வுதான், ஆனா கடைசி நேரத்துல உடம்பு எப்படி இருந்தது, மூளையோட பிஎச் என்ன, என்ன மருந்து சாப்பிட்டாங்கங்கறது எல்லாமே அந்த அளவுகள ஆட்டி வைக்கும்.

புங்கோல்_அம்மா:
தம்பி, உங்க அம்மாவ நினைச்சு எனக்கு மனசு கனத்துப் போச்சு. எனக்கும் பைபோலார்தான், ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா, அதனால இந்தக் கேள்வி எனக்கு வேற விதமா வலிக்கும். பிள்ளை கொஞ்சம் கூடுதலா சிரிச்சாலே, ராத்திரி தூங்காம கேம் விளையாடுனாலே என் வயிறு கலங்கும். என் டாக்டர்கிட்ட நேரா கேட்டுட்டேன், என் பிள்ளைங்களுக்கு வருமான்னு. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, இவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ரிஸ்க் 5-லிருந்து 10 சதவீதம் வரைக்கும்னு சொன்னாங்க. பொதுவா மத்தவங்கள விட கூடதான், ஆனா பத்து பேர்ல ஒன்பது பேருக்கு வராதுன்னுதானே அர்த்தம்னு அவங்களே சொன்னப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. அது எந்த வழி, அம்மாவா அப்பாவான்னு அவங்க கேக்கவே இல்ல. உங்க தங்கச்சிக்கும் அதே கணக்குதான் பொருந்தும், இருவது வயச தாண்டிட்டா இன்னும் குறைஞ்சுக்கிட்டே வரும்.

இங்க சிங்கப்பூர்ல 2016 மனநல ஆய்வுல, வாழ்நாள்ல ஒரு தடவையாவது பைபோலார் வந்தவங்க 1.6 சதவீதம்னு போட்டிருந்தாங்க. ஒரு பிளாக்குல நூறு வீடு இருந்தா எத்தனை குடும்பம்னு யோசிச்சுப் பாருங்க, உங்க அத்தை வீட்டு லிஃப்ட்ல தினம் கூட வர்றவங்கள்லயே இருப்பாங்க.

யீஷூன்_நர்ஸ்:
நான் வார்டு நர்ஸ், மனநலப் பிரிவு இல்ல, நியூரோ பக்கம். அம்மா மேல பழி போடுறது தப்புங்கறதுல எனக்கும் சந்தேகமே இல்ல. ஆனா "மைட்டோகாண்ட்ரியா பேச்சையே விட்டுடுங்க"ன்னும் சொல்லிட முடியாது, ஏன்னா ஒரு சில குடும்பத்துல அது நிஜமாவே முக்கியம்.

நிஜமான மைட்டோகாண்ட்ரியா நோய்னு தனியா இருக்கு. அதுல பேர் போனது, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுல 3243-ங்கற இடத்துல ஏ எழுத்து ஜி-யா மாறுறது. அது சில பேருக்கு மெலாஸ்னு சின்ன வயசுலயே ஸ்ட்ரோக் மாதிரி வர வைக்கும், சில பேருக்கு சர்க்கரை வியாதியும் காது கேக்காம போறதும் சேந்து வரும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த நோய் இருக்கவங்களுக்கு மனநிலைக் கோளாறு நிறைய வருது. 2007-ல வந்த ஒரு ஆய்வுல மைட்டோகாண்ட்ரியா நோயாளிகள்ல 17 சதவீதம் பேருக்கு பைபோலார் இருந்துச்சு, ஆனா அது நாப்பது பேருக்கும் கம்மியான சின்ன ஆய்வு. திருப்பிப் பாத்தா, பைபோலார் இருக்கவங்கள்ல இந்த நோய் ரொம்ப ரொம்ப அபூர்வம்.

அதனால தம்பி, அம்மாவழியோ அப்பாவழியோ, குடும்பத்துல இதெல்லாம் இருக்கான்னு மட்டும் விசாரிங்க: ஒல்லியா இருந்தும் இள வயசுலயே சுகர், அதோட காது மந்தம், நாப்பதுக்கு முன்னாடி ஸ்ட்ரோக், கண்ணிமை தொங்கிப் போறது, ஒரு மாடி ஏறுனாலே தசை ஓஞ்சு போறது, மருந்துக்கு அடங்காத வலிப்பு. அக்காவுக்கோ நெருங்கின சொந்தத்துக்கோ இதுல ரெண்டு மூணு சேந்து இருந்தா அக்காவோட டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பைபோலாருக்கு குடுக்கற வால்புரோவேட் மருந்து, மேல லேப்வாசி சொன்ன போல்ஜி ஜீன் பழுதானவங்களுக்கு கல்லீரல முழுசா செயலிழக்க வச்சிடும், உயிர் போயிருக்கு. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அந்த மருந்து லேபிள்ல கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கு. ஆனா யாரும் பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க, இந்த அறிகுறி ஒண்ணும் இல்லாத ஆயிரக்கணக்கான பேர் அதே மருந்துல நல்லா இருக்காங்க.

கல்யாணம் பண்ணி குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்க வால்புரோவேட் சாப்பிட்டா அதுக்கு வேற காரணமும் இருக்கு டாக்டர்கிட்ட பேச, கருவுல குழந்தையோட முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கும்.

தேக்கா_வாசகி:
எனக்கு ஒரு சந்தேகம். அம்மா டிஎன்ஏ அப்படியே பிள்ளைக்கு வருதுன்னா, ஒரே அம்மாவுக்கு பொறந்த மூணு பேருக்கும் ஒண்ணுதானே? அப்ப ஏன் ஒருத்தருக்கு மட்டும் வருது?

லேப்வாசி:
சரியா பிடிச்சீங்க. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும்தான் காரணம்னா தம்பிக்கும் தங்கச்சிக்கும், அம்மாவோட கூடப்பிறந்த மாமா சித்திக்கும் சாயல் தெரிஞ்சிருக்கணும்.

மைட்டோகாண்ட்ரியா நோய் நிஜமாவே இருக்கற குடும்பத்துல மட்டும் கொஞ்சம் சிக்கல். ஒரு செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல பிரதி இருக்கும், அதுல சிலது நல்லது சிலது பழுது. கல் கலந்த அரிசி மூட்டையில கைப்பிடி அள்ளுனா ஒரு பிடியில கல்லு அதிகமா வரும், இன்னொரு பிடியில இருக்கவே இருக்காது, கருமுட்டை உருவாகும்போது நடக்கறதும் அதுதான். அதனால ஒரே அம்மாவோட ஒரு பிள்ளைக்கு 70 சதவீதம் பழுதும் இன்னொண்ணுக்கு 5 சதவீதமும் வரலாம், ஒரு அளவ தாண்டினாதான் நோயா தெரியும். ரத்தத்துல கம்மியாவும் தசையில அதிகமாவும் இருக்கறதும் உண்டு, 3243-க்கு ரத்தத்துல வயசாக ஆக குறைஞ்சுக்கிட்டே வரும், அதான் சில சமயம் யூரின்ல பாப்பாங்க.

ஜூரோங்_பேரன்:
எங்க குடும்பத்துல தாத்தா தன்னோட சொந்த அக்கா மகளத்தான் கட்டினார், அந்தக் காலத்துல திருச்சி பக்கம் சகஜம். எங்க வீட்டுலயும் ஒரு பெரியப்பாவுக்கு இந்த வியாதி இருந்தது, அப்பவும் பாட்டி வழி தாத்தா வழின்னுதான் சண்டை. இதுல யாரு வழி?

லேப்வாசி:
உங்க தாத்தாவும் அவர் அக்காவும் ஒரே அம்மா பிள்ளைங்க, அந்த அக்காவோட மகள்தான் உங்க பாட்டி. அப்ப உங்க தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒண்ணேதான், ரெண்டு பேருக்கும் அதே கொள்ளுப்பாட்டிகிட்ட இருந்து வந்தது. அந்தச் சண்டைக்கு அங்கயே அர்த்தம் இல்லாம போச்சு. நம்ம ஆளுங்க மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு தலைமுறை தலைமுறையா கட்டிக்கிட்டு, ஒரு வியாதின்னு வந்ததும் மட்டும் உன் ரத்தம் என் ரத்தம்னு பிரிக்கறது எனக்கு கோவத்த வரவைக்குது. நெருங்கின சொந்தத்துல கட்டினா, ரெண்டு பக்கமும் பழுதான பிரதி வந்தாதான் நோய் காட்டுற ஜீனுங்க வெளிய தெரிய வாய்ப்பு கூடும். போல்ஜியால வர்ற கடுமையான சில நோய் அந்த ரகம்தான். பைபோலார் அப்படி ஒரே ஜீன்ல வர்றதில்லன்னு மேலயே சொன்னேன்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த 2025 ஆய்வுல ஐரோப்பியர், கிழக்கு ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் வம்சாவளி இருந்தாங்க, தெற்காசியர்னு ஒரு குழுவே இல்ல. ஆன்லைன்ல எச்சில் துப்பி அனுப்பினா பைபோலார் ரிஸ்க் ஸ்கோர் தர்றோம்னு சொல்ற கம்பெனிங்க கணக்கு எல்லாம் இந்த மாதிரி டேட்டாவ வச்சுதான், தமிழ் ஆளுக்கு அது எவ்வளவு பொருந்தும்? இங்க சிங்கப்பூர் ஆளுங்க டிஎன்ஏவ படிக்கற எஸ்ஜி10கே திட்டத்துல 2019-ல வந்த முதல் பெரிய கட்டுரையிலயே 4,810 பேர்ல இந்தியர் 1,127 பேர் இருந்தாங்க, பெங்களூர்ல நிம்ஹான்ஸ்ங்கற மனநல ஆய்வு மருத்துவமனையிலயும் பல பேருக்கு பாதிப்பு இருக்கற குடும்பங்கள வச்சு ஸ்டெம் செல் வரைக்கும் வேலை நடக்குது. இந்த மாதிரி ஆய்வுக்கு ரத்தம் குடுக்க கூப்பிட்டா நம்ம ஆளுங்க போகணும்னு ஆசப்படுறேன்.

தோபாயோ_மாமா:
நான் படிச்ச வரைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு கோக்யூ10, என்ஏசி மாதிரி சத்து மாத்திரை எல்லாம் நல்லதுங்கறாங்க, மாவுச்சத்த குறைச்சு கொழுப்ப கூட்டுற கீட்டோ டயட்டும் சொல்றாங்க. அக்காவுக்கு குடுத்துப் பாக்கலாமே, சைட் எஃபெக்ட் இல்லாதது.

யீஷூன்_நர்ஸ்:
மாமா, அக்கறையில சொல்றீங்கன்னு தெரியுது, ஆனா இத பரிசோதிச்சே பாத்துட்டாங்க. ஆஸ்திரேலியாவுல மைக்கேல் பெர்க் குழு 2008-ல என்ஏசி பைபோலார் டிப்ரெஷனுக்கு உதவுதுன்னு காட்டினாங்க, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் 2019-ல அதே குழு என்ஏசிய தனியாவும், கோக்யூ10 மாதிரி மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு சொல்ற பல சத்தோட சேத்தும் குடுத்து 16 வாரம் பாத்தாங்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள விட அவங்க தேறல. கீட்டோவுக்கு எடின்பரோவுலயும் ஸ்டான்ஃபோர்டுலயும் சின்ன முன்னோட்ட ஆய்வு வந்திருக்கு, நம்பிக்கை இருக்கு, ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்லாத ஆய்வுங்க. லித்தியம் சாப்பிடுறவங்க திடீர்னு சாப்பாட்ட மாத்தினா உடம்புல உப்பும் தண்ணியும் இறங்கும், அப்ப லித்தியம் ரத்தத்துல ஏறிடும். கை நடுங்கும், வாந்தி வரும், தள்ளாடும். டாக்டருக்கு தெரியாம வேண்டவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத அப்படியே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், அக்காவும் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க. நர்ஸ் அக்கா சொன்னத வச்சு விசாரிச்சோம். அம்மாவோட அம்மாவுக்கு சுகர் இருந்தது, ஆனா அறுவது வயசுக்கு மேலதான், காது நல்லாதான் கேட்டுச்சு. அம்மா வழியில வேற ஒண்ணும் இல்ல. அப்பாதான் ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு அவரோட சித்தப்பா ஒருத்தர பத்தி சொன்னார், மாசக்கணக்குல தூங்காம நிலத்த எல்லாம் வித்து ஊருக்கே சாப்பாடு போட்டாராம், அப்புறம் வருஷக்கணக்குல ரூம விட்டு வெளிய வரலையாம். நாங்க யாரும் அவர் பேரக் கூட கேள்விப்பட்டதில்ல. இது பைபோலாரான்னு இப்ப யாரும் சொல்ல முடியாதுன்னு புரியுது.

கடைசியா ரெண்டு கேள்வி. தங்கச்சி டெஸ்ட் எடுக்கறதுல பலன் இருக்கா? எடுத்தா இன்ஷூரன்ஸ்ல மாட்டுமா?

லேப்வாசி:
நீங்க சொன்னத வச்சுப் பாத்தா மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட் எடுக்க காரணமே இல்ல. பைபோலார் வருமா வராதான்னு சொல்ற ஜீன் டெஸ்ட் இன்னிக்கு உலகத்துல எங்கயும் கிடையாது. இன்ஷூரன்ஸ் பத்தி: 2021 அக்டோபர்ல இருந்து சுகாதார அமைச்சான எம்ஓஎச்சும் லைஃப் இன்ஷூரன்ஸ் அசோசியேஷனும் சேந்து ஒரு தடை கொண்டு வந்தாங்க, பாலிசிக்காக ஜெனடிக் டெஸ்ட் எடுன்னு கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது. ஆனா ஏற்கனவே டாக்டர் சொன்ன வியாதி வேற விஷயம், அக்கா விண்ணப்பம் போட்டா பைபோலார எழுதித்தான் ஆகணும்.

புங்கோல்_அம்மா:
அக்காவுக்கு செலவு பத்தி தெரியலன்னா சொல்றேன், பைபோலார் நாள்பட்ட நோய் திட்டத்துல இருக்கு, மெடிசேவ்ல (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கழிக்கலாம், கிளினிக் கவுண்டர்ல கேளுங்க. அப்பா சொன்ன அந்த சின்ன தாத்தா கதைய அக்காவோட அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்தத் தாத்தாவுக்கு என்ன மருந்து கேட்டுச்சுன்னு ஊர்ல யாருக்காவது தெரியுமான்னும் விசாரிங்க, ஏன்னா லித்தியம் கேக்கறது கூட குடும்பத்துல சேந்து வரும்னு என் டாக்டர் சொல்லியிருக்காங்க.

உட்லண்ட்ஸ்_தம்பி:
ஊர்ல பெரியப்பா மகன் இருக்கார், அப்பா இன்னிக்கு ராத்திரி போன் போடுறேன்னு சொல்லியிருக்கார்.